கோழி வளர்த்த வாத்து

அன்புள்ள ஐயாவுக்கு,

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வாத்து முட்டைகளை அடைக்கோழிக்கு வைத்துப் பொரித்தோம். குஞ்சுகள் ஏரியில் இறங்கியபோது கோழி கரையில் கதறியபடி ஓடியது. இப்போது வளர்ந்துவிட்ட ஆண் வாத்து, பெட்டை வாத்துகளை விட்டுவிட்டுக் கோழிகளையே சுற்றி வருகிறது. அது தன்னைக் கோழி என்றே நினைத்துக்கொண்டதா? அப்படியானால் காக்கைக் கூட்டில் வளரும் குயில் ஏன் காக்கையாவதில்லை? இந்த வாத்தை விற்றுவிடச் சொல்கிறார் அப்பா.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘தான் யார்’ என்னும் உணர்வு ஒரே அறிவாக, ஒரே நாளில் விலங்குகளுக்கு வந்துவிடுவதில்லை. உங்கள் குஞ்சுகளுக்கு நீந்த யாரும் கற்றுத்தரவில்லை. சவ்வு விரிந்த காலும் நீரை நாடும் இயல்பும் முட்டையிலேயே வந்தவை. யார் பின்னே நடப்பது என்பது பொரித்த முதல் ஓரிரு நாளில் பதிவது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் 1935இல் விரிவாக எழுதியது இதைத்தான். யாரோடு இணைசேர்வது என்பதோ அதற்குப் பின்னும் சில வாரங்கள் உடனிருப்பவர்களைப் பார்த்துப் பதிகிறது. வளர்ந்தபின் உங்கள் வாத்து தலையை மேலும் கீழும் அசைத்து அழைப்பது வாத்தின் முறைப்படிதான். அழைக்கப்படும் ஆள்தான் கோழி. ஆகவே அது தன்னைக் கோழி என்று நினைக்கிறது என்பதைவிட, துணை என்றால் கோழி என்று கற்றுக்கொண்டது என்பதே சரி.

ஆண் மட்டும் இப்படித் திரிவதிலும் வியப்பில்லை. 1960களில் ஜெர்மனியில் ஷூட்ஸ் என்ற ஆய்வாளர் வேற்றினத்தாரிடம் வளர்த்த காட்டு வாத்துகளில், ஆண்கள் பெரும்பாலும் வளர்த்த இனத்தையே நாடின. பெண்களோ தம் இனத்து ஆண்களை அடையாளம் கண்டுகொண்டன. நம் பக்கத்தில் வெள்ளாடும் செம்மறியும் ஒரே பட்டியில் அடைபடுவதால், ஆட்டில் நடந்த சோதனையையும் சொல்கிறேன். கென்ட்ரிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், செம்மறிக் குட்டிகளை வெள்ளாட்டிடமும் வெள்ளாட்டுக் குட்டிகளைச் செம்மறியிடமும் வளர்த்தார்கள். பின்னர் சொந்த இனத்தோடு மூன்றாண்டுகள் வாழ்ந்தும் கிடாக்களின் நாட்டம் வளர்ப்புத் தாயின் இனத்தைவிட்டு மாறவில்லை. பெட்டைகளுடையது ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிட்டது.

இந்தப் பதிவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அமெரிக்காவின் ஊப்பிங் கொக்குகளே எனக்கு மிகவும் வருத்தம் தரும் சான்று. அழிவின் விளிம்பிலிருந்த அவற்றின் முட்டைகளை 1975 முதல் ஐடஹோவில் சாண்ட்ஹில் கொக்குகளின் கூடுகளில் வைத்தார்கள். குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன, வளர்த்தவர்களோடு வலசை போகவும் கற்றன, ஆனால் தம் இனத்தோடு இணைசேரவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. பின்னாளில் குஞ்சு வளர்ப்பவர்கள் மனித முகம் பதிந்துவிடாதிருக்க வெள்ளை அங்கி போர்த்து, கையில் கொக்குத் தலைப் பொம்மை மாட்டிக்கொண்டு இரையூட்டினார்கள்.

குயிலின் கதை வேறு. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கூட்டிலேயே வளரும் இனம், வளர்த்தவரைப் பார்த்துத் துணை தேடியிருந்தால் என்றோ அழிந்திருக்கும். குயிலைப் போலவே வாழும் அமெரிக்கக் கவ்பேர்டு பறவையில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தன் இனத்தின் ஒரு குறிப்பிட்ட கலகலப்பொலிக்கு அதன் குஞ்சு கற்காமலே செவிகொடுக்கிறது. தன் இறகின் நிறத்தையே அளவுகோலாகக் கொண்டும் இனத்தைத் தேர்கிறது. இறகில் சாயம் பூசி வளர்த்த குஞ்சுகள், அதே சாயம் பூசிய பறவைகளையே அணுகின.

வாத்தை விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஆண் வாத்து ஏறினால் கோழியின் உடலுக்குள் காயம் படக்கூடும் என்பதால், இரண்டையும் தனித்தனியே அடையுங்கள். அடுத்த முறையும் கோழியையே அடை வைக்கலாம். குஞ்சுகளை மட்டும் முதல் சில நாட்களிலிருந்தே பெரிய வாத்துகளின் கூட்டத்தோடு பழக விடுங்கள்.