ஓவல் வைரத்தின் நடுவே கறுப்பு நிழல்: வாங்கலாமா, கூடாதா?

கோவை வாசகி ஒருவருக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கான கல்லை அவரையே பார்த்துச் சொல்லும்படி மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டார்கள். விரல் கொஞ்சம் குட்டை என்பதால் நீள்வாட்டமான கல்லில் ஆசை; இரண்டு முனையும் கூராக இருக்கும் மார்க்கீஸ் வடிவத்தின் மேலும் ஒரு கண். கடையில் இரண்டு ஓவல் கற்களைக் காட்டினார்களாம், இரண்டும் 80 சென்ட், அதாவது 0.80 காரட். ஒன்றின் நடுவில் குறுக்காகக் கறுப்பு நிழல். "எல்லா ஓவலிலும் இப்படித்தான் இருக்கும்" என்கிறார் விற்பனையாளர். தோஷக் கல் என்கிறார் வருங்கால மாமியார். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. அந்த நிழலுக்குப் பெயரே போ டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரிக் கட்டுகிறார்களே அந்த வடிவம். வைரத்தின் பட்டைகள் எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஓவல், பேரிக்காய் வடிவப் பேர், மார்க்கீஸ் மூன்றிலும் நடுவில் உள்ள சில பட்டைகள், குனிந்து பார்க்கிற உங்கள் தலையையே திருப்பிக் காட்டுகின்றன. வெளிச்சத்தை உங்கள் தலை மறைத்துவிடுகிறது, அதனால் அங்கே இருட்டு. கல்லுக்குள் இருக்கும் கரும்புள்ளி வேறு விஷயம். கல்லை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள்: நிழல் நகரும், மங்கும், புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். மாமியாருக்கும் இதைச் செய்து காட்டிவிடுங்கள், தோஷப் பேச்சு அதோடு முடியும்.

ஆனால் "எல்லாவற்றிலும் இருக்கும்" என்று சொல்லித் தள்ளிவிடுவதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. லேசான நிழல் ஏறக்குறைய எல்லாக் கல்லிலும் உண்டு, சரி. எப்படிச் சாய்த்தாலும் போகாத கறுப்பு நிழல் மோசமாக வெட்டப்பட்ட கல்லுக்குத்தான் வரும். கடை விளக்குக்கு அடியில் இது தெரியவே தெரியாது, அந்த விளக்குகளை வைப்பதே எந்தக் கல்லும் மின்னுவதற்குத்தான். கல்லை வாசல் பக்கம் எடுத்துப் போய், வெயில் நேராக விழாத இடத்தில், ஒரு சாண் தூரத்திலும் அப்புறம் கையை நீட்டியும் பாருங்கள். வெளியே கொண்டுபோக விட மாட்டோம் என்றால் ஆளைக் கூட வரச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் அந்தக் கடை வேண்டாம்.

சான்றிதழில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போ டை பற்றி அதில் ஒரு வரி இருக்காது. ஜிஐஏ என்கிற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழில் கட் கிரேடு, அதாவது வெட்டின் தரம், வட்ட வைரத்துக்கு மட்டும்தான். ஓவலுக்கு பாலிஷ் (மெருகு), சிமெட்ரி (சமச்சீர்) என்று இரண்டு வரி இருக்கும், இரண்டிலும் எக்ஸலன்ட் என்று போட்டிருக்கும், அதைத் தொட்டுக் காட்டி "கட் எக்ஸலன்ட் மேடம்" என்று சொல்வார்கள். அது கட் கிரேடு இல்லை. இத்தனை பேர் ஓவல் வாங்குகிற காலத்திலும் வாங்குபவருக்கு மிகவும் தேவையான விஷயம் தாளில் இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தாளில் உதவுவது அளவுகள்தான். நீங்கள் அனுப்பியபடி முதல் கல் நீளம் 7.4, அகலம் 5.2, ஆழம் 3.25 மில்லிமீட்டர். நிழல் விழும் கல் 6.8, 5.2, ஆழம் 3.58. எடை ஒரே அளவு, விலையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இரண்டாவதன் எடை வயிற்றில் போய் ஒளிந்திருக்கிறது, மேலிருந்து பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் முதலாவது 1.42, இரண்டாவது 1.31. குட்டை விரலுக்கு 1.4 பக்கம் வருவது நல்ல நீளம் காட்டும். ஆக முதல் கல்லைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஒரே ஒரு விலக்கு, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நிழலே இல்லை என்பதால் மட்டும் கல் நல்லது ஆகிவிடாது. ஆழம் போதாமல் தட்டையாக வெட்டிய கல்லில் நடுவில் ஒளி திரும்பாமல் அடிவழியே கசிந்துவிடும், கறுப்பும் தெரியாது, மின்னலும் இருக்காது, தண்ணீர்த் துளி மாதிரி வெறுமையாக இருக்கும். கல்லைச் செய்தித்தாள் மேல் மேற்பக்கம் உங்களைப் பார்த்தபடி வையுங்கள். நடுவழியே எழுத்து படிக்க வந்தால் வேண்டாம். உங்கள் முதல் கல்லின் ஆழம் அகலத்தில் 62 சதவீதத்துக்கு மேல் வருகிறது, எனக்குப் பயமில்லை, இருந்தாலும் வைத்துப் பாருங்கள்.

சூரத்திலிருந்து நேரடியாக எடுத்துத் தருகிறேன் என்று ஒரு தெரிந்தவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் உறவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மோதிரத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள், லென்ஸில் பார்த்தால் கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறித்திருந்த எண் ஒன்று, சான்றிதழில் இருந்த எண் வேறு. அந்த ஆள் போனையே எடுக்கவில்லை. ஹால்மார்க் இருக்கிறதே என்று அந்தப் பெண் அழுதாள். ஹால்மார்க்கும் அதோடு நகையில் பொறிக்கிற அந்த ஆறு எழுத்து எச்யூஐடி எண்ணும் தங்கத்துக்குத்தான், கல்லுக்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. கடையில் தொட்டுக் காட்டுகிற டெஸ்டர் பேனாவும் ஆய்வகத்தில் வளர்த்த லேப் வைரத்தைப் பிரித்துச் சொல்லாது.

அதனால் கல்லைப் பதிக்கக் கொடுக்கும் முன்பே பத்து மடங்கு லென்ஸில் அந்த எண்ணை நீங்களே படியுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். பதித்த பிறகு பிடிக் கம்பி மறைத்துவிட்டால் படிக்க முடியாது, எண்ணை மறைக்காமல் கம்பி வைக்கும்படி பத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தங்க எடையில் கல் எடை கழித்திருக்கிறதா என்றும் பாருங்கள், 80 சென்ட் என்றால் 0.16 கிராம்.

மார்க்கீஸ் மேல் இன்னும் மனசு இருக்கிறதா? தாராளமாக எடுங்கள். இரண்டு கூர்முனைக்கும் வி வடிவத்தில் மூடிய பிடி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முனை உடையும், அதற்கு முன்னால் புடவை நூலெல்லாம் அதில்தான் மாட்டும்.