யார் பேசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி: நான் சில ஆண்டுகளாக ராக் இசையின் உரத்த, கடுமையான வகையான மெட்டல் இசையை விரும்பிக் கேட்டு வருகிறேன். பாடல் வரிகளைத் தனி நோட்டில் எழுதிவைத்து, அவற்றுக்குள் என்ன பொருள் மறைந்திருக்கிறது என்று யோசித்துக் குறிப்பெழுதுவது என் பழக்கம். மெட்டாலிகா குழுவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஒரு சர்வாதிகாரியைப் பற்றிய பாட்டு என்று நண்பர்களிடம் நீண்ட விளக்கம் கொடுத்தேன். அது போதைப்பொருளைப் பற்றியது என்று எழுதியவரே சொல்லியிருப்பதை ஒருவன் எடுத்துக்காட்டியதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இன்னொரு நண்பனோ, இந்தப் பாடல்கள் அனைத்தும் சாத்தான் வழிபாடுதான், பின்னோக்கி ஓட்டிக் கேட்டால் தெரியும் என்கிறான். மறைபொருளைச் சரியாகக் காண வழி ஏதேனும் உண்டா? எழுதியவர் சொல்வதுதான் முடிந்த முடிவா? நான் இத்தனை நாள் எழுதியதெல்லாம் வீண்தானா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வீண் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இசையைக் கேட்பவர்களில் பலர் வரிகளைக் கவனிப்பதே இல்லை. உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் கொடுக்கும் உங்கள் பழக்கத்தை எவர் சிரித்தாலும் விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்திலிருந்து ஒன்று தெரிகிறது. பாட்டு எதைப் பற்றியது என்ற கேள்விக்கு நீங்கள் நேராகப் போய்விடுகிறீர்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பாட்டில் யார் பேசுகிறார்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள்?

சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது. குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றோடும் தலைவி கூற்று, தோழி கூற்று என்றும், எந்தச் சூழலில் சொன்னது என்றும் ஒரு குறிப்பைப் பதிப்புகளில் காணலாம். அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால், தலைவனைத் தோழி நயமாகக் கடிந்துகொள்ளும் பாட்டு வெறும் மலை வருணனையாகவோ கடற்கரைக் காட்சியாகவோ நின்றுவிடும், உள்ளே மறைந்திருக்கும் பொருளான உள்ளுறை திறக்காது. மெட்டல் பாடல்களில் பெரும்பாலானவை இதே போலப் பாத்திரங்கள் பேசும் பாடல்கள்தாம். பாடகர் 'நான்' என்று பாடும்போது, அந்த 'நான்' ஒரு கொலைகாரனாகவோ போர்வீரனாகவோ நோயாகவோ மரணமாகவோ இருக்கலாம். கூற்றுக் குறிப்பை யாரும் அச்சிட்டுத் தருவதில்லை என்பதால் கேட்பவரே அதை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1986-இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' பாட்டில் தன்னை எசமானன் என்று சொல்லிக்கொள்ளும் குரல் போதைப்பொருளின் குரல். அது தனக்கு அடிமைப்பட்டவனைப் பார்த்துப் பேசுகிறது. பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தக் குரல் சர்வாதிகாரிக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை உணவைக் கண்ணாடியின் மேல் நறுக்கு என்று கட்டளையிடும் வரியை என்ன செய்வது? எந்தச் சர்வாதிகாரியும் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இல்லை. கொக்கைன் பொடியைக் கண்ணாடித் தளத்தில் கொட்டி, பிளேடால் நறுக்கிக் கோடாக்கி உறிஞ்சுவார்கள் என்பது தெரிந்தால், அந்த வரி சட்டென்று தன் இடத்தில் போய் அமர்ந்துவிடுகிறது. உணவின் இடத்தைப் போதை பிடித்துக்கொண்டது என்பதும் அதே வரியில் வந்துவிடுகிறது. ஒரு விளக்கம் தேறுமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. உங்கள் விளக்கத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும் வரி எது என்று தேடுங்கள். அந்த வரியை ஒதுக்கிவிட்டுத்தான் விளக்கம் நிற்கிறது என்றால், மாற்ற வேண்டியது விளக்கத்தைத்தான்.

இருந்தாலும் உங்கள் நண்பர்கள் சிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தின் மற்றப் பாடல்களையும் வரிசையாகக் கேளுங்கள். ஒன்றில் போருக்கு அனுப்பப்பட்டுத் தூக்கியெறியப்படும் சிப்பாய் வருகிறான். ஒன்றில் மனநலக் காப்பகத்தில் அடைபட்டவன் வருகிறான். இன்னொன்று பக்தியைக் காசாக்கும் போதகர்களைச் சாடுகிறது. அட்டைப்படத்தில் வரிசை வரிசையான வெள்ளைச் சிலுவைகளில் கயிறுகள் கட்டப்பட்டிருக்க, அந்தக் கயிறுகளை வானத்திலிருந்து இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. மனிதனை வேறொன்று ஆட்டிவைப்பதுதான் ஆல்பம் முழுவதும் ஓடும் சரடு. அந்தச் சரடு உங்கள் கையில் சரியாகவே சிக்கியிருக்கிறது. அதைத் தவறான பாட்டில் கொண்டுபோய் முடிந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பேசுபவர் ஒரே பாட்டுக்குள் மாறுவதும் உண்டு. அயர்ன் மெய்டன் குழுவின் 'ரன் டு த ஹில்ஸ்' (1982) பாட்டின் முதல் பகுதியில் பேசுபவர் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். கடல் கடந்து வந்த வெள்ளையன் எங்கள் குலங்களை அழித்தான் என்கிறார். அடுத்த பகுதியில் குதிரையேறித் துரத்துபவனின் குரல் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் இசையைக் கவனியுங்கள்: அதுவரை நிதானமாக ஒலித்த தாளம், குதிரைப் பாய்ச்சலாக மாறுவது அங்கேதான். வரிகளை நோட்டில் எழுதிவைத்து மட்டும் படிப்பவருக்கு இந்த மாற்றம் எளிதில் தப்பிவிடும். ஆகவே எழுதியதைப் படிக்கும்போது பாட்டையும் ஓடவிடுங்கள்.

சாத்தான் வழிபாடு என்று சொல்லும் நண்பருக்கு வருகிறேன். பிளாக் சாபத் குழுவின் 'வார் பிக்ஸ்' (1970) பாட்டில் சூனியக்காரிகள் வருகிறார்கள், சாத்தானும் வருகிறான். அதை அவர் சான்றாகக் காட்டக்கூடும். பாட்டில் சூனியக்காரிகளோடு ஒப்பிடப்படுபவர்கள் படைத்தளபதிகள். பிறரைச் சாக அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகளைப் பாட்டு பெயர் சொல்லாமல் சாடுகிறது. கடைசியில் தீர்ப்பு நாள் வரும்போது, போரை மூட்டியவர்கள் மண்டியிட்டுக் கெஞ்ச, சாத்தான் சிரித்தபடி சிறகை விரிக்கிறான். அது வழிபாடாகாது, போர் மூட்டியவர்கள் போய்ச் சேரும் இடம் எது என்பதை அந்தச் சிரிப்பு காட்டுகிறது. வரிகளை எழுதிய கீஸர் பட்லர், போர் மூட்டுபவர்களே உண்மையான சாத்தானியர்கள் என்ற கருத்தைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இதே குழு அடுத்த ஆண்டே இறைநம்பிக்கையைத் தாங்கிப் பேசும் 'ஆஃப்டர் ஃபாரெவர்' பாட்டையும் வெளியிட்டது.

எல்லாப் பாடல்களும் இப்படி நல்ல முடிவோடு அமைவதில்லை. ஸ்லேயர் குழுவின் 'ஏஞ்சல் ஆஃப் டெத்' (1986), ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள்மீது கொடூரச் சோதனைகள் நடத்திய நாஜி மருத்துவர் மெங்கலேயைப் பற்றியது. அவன் செய்தவற்றை விவரிக்கும் அந்தப் பாட்டு, அவனை வெளிப்படையாகக் கண்டித்து நிற்பதில்லை. அவன் தீயவன் என்பது சொல்லாமலே விளங்கும் என்பது எழுதிய ஜெஃப் ஹன்னமனின் நிலை. முகாமிலிருந்து உயிர் பிழைத்தவர்களின் காதில் அந்தப் பாட்டு எப்படி விழும் என்ற கேள்வியை அந்த விளக்கம் தீர்த்துவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன். பேசும் குரல் வேறு, பாடலாசிரியர் வேறு என்று தெரிந்துகொள்வதால் பாட்டை மதிப்பிடும் பொறுப்பு நம்மைவிட்டுப் போய்விடாது. மெட்டலின் ஒரு கிளையான பிளாக் மெட்டலில் இனவெறுப்பை வெளிப்படையான கொள்கையாகவே வைத்துக்கொண்ட சில குழுக்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவர்களின் வரிகளை 'அது பாத்திரத்தின் குரல்' என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டியதில்லை.

பின்னோக்கி ஓட்டுவது பற்றி. 1990-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஜூடஸ் பிரீஸ்ட் குழுவின்மீது ஒரு வழக்கு நடந்தது. அவர்களின் 1978-ஆம் ஆண்டு ஆல்பத்திலுள்ள ஒரு பாட்டில் மறைவான கட்டளை புதைக்கப்பட்டிருந்தது என்றும், இரண்டு இளைஞர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டதற்கு அதுவே காரணம் என்றும் குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அதே ஆல்பத்தின் பகுதிகளைப் பின்னோக்கி ஓட்டி, யாரும் திட்டமிடாத அசட்டு வாக்கியங்கள் அவற்றில் கேட்பதை நீதிமன்றத்திலேயே காட்டினார். கட்டளையாகக் கேட்டது ஒலிகள் தற்செயலாகச் சேர்ந்ததன் விளைவு என்று முடிவு செய்த நீதிபதி, வழக்கைத் தள்ளுபடி செய்தார். எதைக் கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காது அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். வேண்டுமென்றே பின்னோக்கிய பேச்சைச் சேர்த்த குழுக்களும் உண்டு. அயர்ன் மெய்டன் 1983-இல் அப்படிச் சேர்த்தது, தங்களைச் சாத்தானியர்கள் என்று பழித்தவர்களைச் சீண்டுவதற்காக.

உண்மையாகவே திட்டமிட்டு மறைத்துவைத்த ஒன்றைக் காண வேண்டுமென்றால் டூல் குழுவிடம் போங்கள். 'லேட்டராலஸ்' (2001) பாட்டின் தொடக்கத்தில், ஒரே மூச்சில் பாடப்படும் சிறு பகுதிகளின் அசைகளை விரல்விட்டு எண்ணினால் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பிறகு 5, 3 என்று இறங்கும். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை அது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாததற்குக் காரணம், பாட்டின் வரிகளே சுருள் வடிவைப் பற்றிப் பேசுவதும், ஃபிபனாச்சி எண்கள் சுருளோடு நெருங்கிய தொடர்புடையவை என்பதும். மறைந்திருப்பதும் மேலே தெரிவதும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இதே குழு 1996-இல் வெளியிட்ட ஆல்பத்தில், ஒருவர் ஜெர்மன் மொழியில் கடுங்குரலில் முழங்க, கூட்டம் ஆரவாரிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. கேட்பவர்கள் நாஜிக் கூட்டத்தையே நினைப்பார்கள். மொழி தெரிந்தவர்களுக்கோ அது கஞ்சா பிசின் கலந்த பிஸ்கட் செய்முறை. குரலின் மிரட்டலை வைத்தே பொருளைத் தீர்மானிக்கும் நம் பழக்கத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துக்காட்டியதில்லை.

இனி, எழுதியவர் சொல்வதுதான் முடிவா என்ற கேள்வி. 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழு பாடல் வரிகளைப் பற்றி விசாரணை நடத்தியபோது, டுவிஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் சாட்சியம் அளித்தார். அவருடைய 'அண்டர் த பிளேட்' பாட்டு பாலியல் வன்முறையைப் பற்றியது என்று குற்றஞ்சாட்டப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒருவருக்கு வரும் அச்சத்தைப் பற்றியே எழுதியதாகவும், தம் குழுவின் கிட்டார் கலைஞருக்கு நடக்கவிருந்த தொண்டை அறுவையே அதற்குத் தூண்டுதல் என்றும் அவர் விளக்கினார். வன்முறையைத் தேடியவருக்கு வன்முறை கிடைத்தது, அறுவை சிகிச்சையைத் தேடியிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்றார். கேட்பவர்கள் தங்கள் கற்பனையையும் அனுபவத்தையும் பாட்டுக்குள் கொண்டுவரலாம் என்பதையும் அதே சாட்சியத்தில் ஏற்றுக்கொண்டார். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு எதிலிருந்து பிறந்தது என்பதில் எழுதியவரின் சொல்லுக்கு முதலிடம் கொடுங்கள்; அது உங்களுக்குள் என்னவாக ஆகிறது என்பதில் அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இரண்டாவதை முதலாவதாக வாதிடக்கூடாது. நண்பர்களிடம் உங்களுக்கு நேர்ந்த சங்கடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எழுதியவர் சொல்லாமல் நமக்குத் தெரியவே வழியில்லாத பொருளும் உண்டு. மாஸ்டடான் குழுவின் 'கிராக் த ஸ்கை' (2009) ஆல்பம் மேலோட்டத்தில் உடலைவிட்டு உயிர் பயணம் போவதையும், ஜார் காலத்து ரஷ்யாவையும், அங்கு வாழ்ந்த சாமியார் ரஸ்புடினையும் பற்றிய விசித்திரக் கதை. அதன் அடியில் இருப்பது, பதின்வயதிலேயே தற்கொலை செய்துகொண்ட சகோதரிக்காக டிரம்மர் கொண்ட துக்கம். இதை வரிகளிலிருந்து மட்டும் எவரும் ஊகித்திருக்க முடியாது. தெரிந்தபின் கேட்டால் ஒவ்வொரு பாட்டும் கனக்கிறது.

உறுமல் குரலில் பாடும் குழுக்களின் வரிகளை எழுதும்போது, ஆல்பத்தோடு வரும் கையேட்டில் அச்சிட்டதை மட்டுமே நம்புங்கள்; மற்றவை பெரும்பாலும் யாரோ காதால் ஊகித்து எழுதியவை. ஒபிச்சுவரி போன்ற குழு தன் தொடக்க ஆல்பத்தில் வரிகளை அச்சிடவே இல்லை. அங்கே குரலும் ஒரு கருவிதான், பொருள் தேடி அலைய வேண்டாம்.

அடுத்த பக்கத்தில் மெட்டாலிகாவின் 'ஒன்' (1988) பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். போரில் கை, கால், பார்வை, செவி, பேச்சு அனைத்தையும் இழந்து, நினைவு மட்டும் தெளிவாக இருக்கும் ஒரு சிப்பாயின் கூற்று அது. டால்டன் டிரம்போவின் 1939-ஆம் ஆண்டு நாவலிலிருந்து பிறந்தது. பேச வாயில்லாதவன் அங்கே யாரிடம் பேசுகிறான், டிரம்ஸ் எந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கத் தொடங்கும் இடம் ஏன் இருள் தன்னைச் சிறைப்பிடித்ததாக அவன் சொல்லும் வரியை ஒட்டி வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் விடையை எழுதி எனக்கு அனுப்புங்கள். கண்மாய் உடைந்ததுபோல் பக்கம் பக்கமாக வந்தாலும் படிக்கக் காத்திருக்கிறேன்.