போர்க்காய ஓய்வூதியம்: எந்தத் தாளைத் தேட வேண்டும்?

வணக்கம். 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடையில் குண்டடி பட்ட உங்கள் தந்தைக்குச் சாதாரண ஊன ஓய்வூதியமே வருகிறது என்றும், அதைப் போர்க்காய ஓய்வூதியமாக மாற்றக் கோத்தகிரியிலிருந்து எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் என்பதால் அலைச்சல் குறைவு. வீரர்களின் பணி ஆவணங்களைப் பராமரிக்கும் அதன் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரியில், வெலிங்டனிலேயே இருக்கிறது.

முதலில் ஓய்வூதிய ஆணையைப் பாருங்கள். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவருக்கு, முழு ஊனம் என்றால், சாதாரணப் பிரிவில் சம்பளத்தின் 30 விழுக்காடும் போர்க்காயப் பிரிவில் 60 விழுக்காடும் கணக்கிடப்படுவதால், அவரை எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்பதே தொகையைத் தீர்மானிக்கிறது.

பிரிவை மாற்றக் கோருவதற்கு, எதிரியின் தாக்குதலில் காயம்பட்டார் என்று அக்காலத்திலேயே பதிவான பார்ட் டூ ஆர்டரின் (வீரரின் பணிக்கால நிகழ்வுகளைப் படைப்பிரிவு பதிவுசெய்யும் ஆணை) நகலும் மருத்துவக் குழுவின் அறிக்கையும் முக்கியம். போரில் காயமுற்றோருக்கான பராக்கிரமப் பதக்கம் பெற்றிருந்தால், அதன் விவரத்தையும் சேருங்கள். 'இத்தனை வருடம் கழித்துக் கேட்பதா' என்று அவர் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அது சலுகை அன்று, அவருக்கு உரியது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

படை எண்ணைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அவருடைய கையொப்பத்துடனேயே ரெக்கார்ட் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் ஊட்டியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். மறுப்பு வந்தால், அந்தக் கடிதத்துடன் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் முறையிட வழியுண்டு. ஆகவே வரும் ஒவ்வொரு பதிலையும் உறையோடு பத்திரப்படுத்துங்கள்.