ஒரே தாச்சியில் இரவுச் சாப்பாடு: சூரையும் முட்டையும்

வேலை முடிஞ்சு உப்புவெளி அறைக்கு வர 7 மணியாகுது, ஒரு அடுப்பும் ஒரு தாச்சியும்தான் இருக்கு, புரதம் கூடச் சாப்பிடவேணும், நூடில்ஸ் அலுத்துப்போச்சு எண்டு கேட்டிருந்தீங்கள். திருகோணமலையில இருந்துகொண்டு நூடில்ஸ் ஏன்? சூரை வாங்குங்கோ.

ஒருத்தருக்கு 150 கிராம் முள்ளில்லாத சதை காணும். அதிலயே 35 கிராம் அளவில புரதம் வரும், 2 முட்டை சேர்த்தால் இன்னும் 12.

மீனைச் சின்னத் துண்டாக வெட்டி, ஈரத்தை நல்லா ஒத்தி எடுங்கோ. இதை விட்டுடாதேங்கோ, ஈரம் இருந்தால் மீன் பொரியாது, அவிஞ்சு வெளிறிப்போகும். உப்பு, மஞ்சள், மிளகுதூள் பிரட்டி, நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில போட்டு 2 நிமிசம் கிண்டாமல் விடுங்கோ. அடிப்பக்கம் பொன்னிறமாகி, துண்டு தானாகவே தாச்சியை விட்டுக் கிளம்பும். அப்ப பிரட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போடுங்கோ. வெங்காயம் வதங்க ஒரு பிடி முருங்கையிலை, பிறகு முட்டையை உடைச்சு ஊத்திக் கிளறுங்கோ. இறக்கினாப் பிறகுதான் தேசிக்காய்ப்புளி, முந்தி விட்டால் கைக்கும். பாணோட சாப்பிடலாம்.

ஒண்டு மட்டும் கவனம். காலமை வாங்கின சூரையைப் பின்னேரம் வரைக்கும் வெளியில வைக்கவே வேண்டாம். வெக்கையில அதில ஹிஸ்டமின் எண்ட நச்சுப்பொருள் உண்டாகும், எவ்வளவு சமைச்சாலும் அது போகாது. முகம் சிவந்து கடிக்கும், தலையிடிக்கும். அறையில குளிர்சாதனப்பெட்டி இல்லையெண்டால் டின்மீனை வடிச்சு இதே மாதிரிச் செய்யுங்கோ.