ராத்திரியானால் அப்பாவுக்குப் பயம்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்து பெட்காரர் போன மாதம் இறந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை, லைட்டை அணைக்க விடுவதில்லை, சும்மா சும்மா பிபி பார்க்கிறார். "நான் போயிட்டா அம்மாவை யார் பார்ப்பா?" என்று ஆரம்பித்தாலே பேச்சை மாற்றிவிடுகிறோம். கவுன்சலிங் பலன் தருமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தரும். அதற்கு முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறதா? அப்படியென்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், அதைப் பயம் என்று விட்டுவிடாமல், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அது இல்லையென்றால் சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அவருக்கு உதவும். "உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று நம்பவைப்பது இல்லை அது, இவ்வளவு நோயோடு இருப்பவர் அதை நம்பவும் மாட்டார். பிபி பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்க்க வைக்கிறது. அதனால் மருத்துவர் சொன்ன வேளைக்கு மட்டும் என்று படிப்படியாகக் குறைத்து, நடுவில் வரும் பயம் ஒன்றும் செய்யாமலே தணிவதை அவரே உணரும்படி பழக்குவார்கள். நியூயார்க்கில் டயாலிசிஸ் ஓடும்போதே நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சிபிடி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வந்த அந்த ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் நீர் எடையும் கட்டுப்பட்டது. மரண பயத்துக்கென்று செய்த ஆய்வு இல்லைதான், ஆனால் அப்பாவின் நிலைக்கு இதைவிட நெருக்கமாக என்ன வேண்டும்!

அப்புறம், அந்தப் பேச்சை மாற்றுவது. தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் சாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை, அம்மாவைப் பற்றிக் கேட்கிறார், அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. யாரோடு இருப்பார், பாஸ்புக்கில் நாமினி யார், வீடு யார் பேரில் என்று உட்கார்ந்து பேசுங்கள், எழுதியும் வையுங்கள். கனடாவில் ஹார்வி சொச்சினோவ் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய 'டிக்னிட்டி தெரபி'யில், வாழ்நாள் முடியப்போகும் நோயாளியிடம் அவர் வாழ்க்கையையும் வீட்டாருக்குச் சொல்ல நினைப்பதையும் கேட்டுப் பதிவுசெய்து, எழுத்தாக்கி அவர் கையிலேயே கொடுப்பார்கள். அப்பா சொல்வதை நீங்களும் போனில் பதிவு செய்யலாமே, கேட்டுவிட்டு.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரி பயம் முற்றினால் டெலி மனாஸ் எனும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் 108.