செப்புத் தகட்டில் வேல்ஸ் கோட்டைகள்: கேள்வி பதில்

தேவகி: பழைய வேல்ஸ் கோட்டைப் படம் என்றாலே பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர்களான பக் சகோதரர்கள், பால் சாண்ட்பி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

சாமுவேல் பக்கும் தம்பி நதானியேலும் கணக்கெடுக்கப் போனவர்கள் மாதிரி. 1726 முதல் 1742 வரை இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கச் சுற்றி, இடிந்த கோட்டைகளையும் மடாலயங்களையும் நானூறுக்கும் மேற்பட்ட செப்புத் தகடுகளில் செதுக்கி, மை பூசித் தாளில் அச்சிட்டார்கள். யார் கட்டியது, அப்போது யார் கையில் இருந்தது என்ற குறிப்பும் படத்தின் கீழேயே வந்துவிடும். சாண்ட்பி ராணுவ நில அளவைக்குப் படம் வரைந்து தேறியவர். ஆனால் 1775இல் அவர் வெளியிட்ட பன்னிரண்டு தென் வேல்ஸ் காட்சிகளில் மேகமும் வெயிலும்தான் முன்னே நிற்கும். சுவரில் எத்தனை ஜன்னல் என்று தெரிய வேண்டுமா, பக்கைப் பாருங்கள். வீட்டில் மாட்ட எனக்குச் சாண்ட்பிதான்.

செந்தில்: அண்ணே, வெறும் தகட்டில் நீர்வண்ணம் பூசியது போன்ற சாயல் எப்படி வருகிறது?

அதுதான் அக்வாடின்ட். சாண்ட்பி பிசினைச் சாராயத்தில் கரைத்துச் செப்புத் தகட்டில் ஊற்றுவார். சாராயம் பறந்ததும் பிசின், வற்றிய குளத்துச் சேறு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்துக்கொள்ளும். அந்த வெடிப்புகளில்தான் அமிலம் இறங்கும், அது அரித்த பள்ளத்தில் மை தங்கித் தாளில் சாயலாக விழும். வெள்ளையாக நிற்க வேண்டிய மேகத்தை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். அப்புறம் தகட்டை அமிலத்தில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் தூரத்து மலைக்கு வேண்டிய இளஞ்சாயல் கிடைக்கும். அதையும் மூடிவிட்டு மறுபடி அமிலம். இப்படியே போனால் கடைசி வரை மூடாத இடம், கோட்டை வாசலின் உட்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடர்பழுப்பாக அச்சாகும். அச்சடிக்க அச்சடிக்கத் தகட்டில் மெல்லிய சாயல்தான் சீக்கிரம் தேயும். அதனால் முதலில் எடுத்த பிரதிகளுக்கு எப்போதும் மவுசு.

ரஹீம்: அச்சில் இடம் வலம் மாறிவிடாதா?

மாறும். அதனால் தகட்டில் திருப்பி வரைய வேண்டும், பலர் கண்ணாடியில் பார்த்து வரைவார்கள். அந்தச் சிரமம் எடுக்காதவர்களின் படத்தில் ஆறு கோட்டைக்கு மறுபக்கம் ஓடும்.

கயல்விழி: அழகுக்காக இடத்தையே மாற்றி வரைந்தார்களாமே?

தாராளமாக. அந்த ரசனைக்கு இலக்கணம் வகுத்தவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். வேல்ஸ் எல்லையில் ஓடும் வை (Wye) நதிப் பயணத்தைப் பற்றி 1782இல் வெளியிட்ட நூலில், டின்டர்ன் மடாலயத்தின் முக்கோணச் சுவர்கள் கண்ணை உறுத்துவதாகவும், சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் சரியாகும் என்றும் எழுதினார்! பயணிகளும் சளைத்தவர்கள் இல்லை. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கறுப்புக் கண்ணாடியில் விழும் அதன் பிம்பத்தை ரசித்தார்கள்.

முருகேசன், கிருஷ்ணகிரி: நம் பக்கத்துக் கோட்டைகள் இதில் உண்டா?

உண்டு, அதுவும் உங்கள் ஊர்ப்பக்கமே. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தெற்கே வந்தார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது, பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) மலைக்கோட்டைகளைப் பார்க்க லண்டனில் ஆவல் இருந்தது. 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அக்வாடின்ட் படங்களில் ராயக்கோட்டையும் ஒன்று. பாறையின் உயரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே காட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அனிதா: பழைய கடையில் ஒரு கோட்டைப் படம் வாங்கினேன். அசலா?

பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள் வரிசை பிடித்து நின்றால் பிற்கால அச்சு, ஒழுங்கில்லாத வலைபோல் தெரிந்தால் அக்வாடின்ட். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கீழே பொடி எழுத்தில் வெளியீட்டு நாள் இருக்கும். 1735 பதிப்புரிமைச் சட்டத்தால் வந்த வழக்கம் அது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், பழைய தகட்டில் பின்னாளில் அச்சடிப்பதும் நடந்தது. படத்தில் 1775, தாளின் நீர்க்குறியில் (தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளம்) 1801 என்றிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடுத்த முறை தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.