ஸ்ட்ராப்லெஸ் கவுன் நழுவாமல் நிற்க எப்படி ஆல்டர் செய்வது?

கேள்வி இதுதான்: பாரிஸிலிருந்து சித்தி ஒரு ஸ்ட்ராப்லெஸ் கவுன் வாங்கி வந்திருக்கிறார், அடுத்த மாதம் பாண்டியில் ரிசப்ஷன், கண்ணாடி முன்னால் நின்றால் கச்சிதமாக இருக்கிறது, நாலு அடி நடந்தால் கீழே இறங்குகிறது. டேப் ஒட்டினால் போதுமா, இல்லை தையல்காரரிடம் கொடுத்து மேல்விளிம்பை இறுக்கிப் பிடிக்கச் சொல்லலாமா?

இரண்டுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டில் வைத்தே தைக்கிறேன். அன்றாடம் பிளவுஸும் சுடிதாரும்தான். ஆனால் பாண்டி பக்கத்தில் இருப்பதால் வருஷத்துக்கு ஏழெட்டு கவுனாவது ஆல்டரேஷனுக்கு வந்துவிடும். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு, அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஜூலை ஆகஸ்ட் லீவில் ஊருக்கு வரும்போது பெட்டியில் இப்படி ஒரு கவுனும் வரும். பிரான்ஸில் இருக்கும் சித்தியோ அத்தையோ வாட்ஸாப்பில் வந்த அளவை வைத்து வாங்கியது இங்கே இருக்கும் பெண்ணுக்கு அப்படியே எப்படிப் பொருந்தும்?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெரியம்மா பெண்ணுக்கு இதே மாதிரி ஒரு கவுன். "மேலே லூஸா இருக்குக்கா, பிடிச்சுக் குடு" என்றாள். நானும் மேல்விளிம்பில் சுற்றளவை இரண்டு இஞ்ச் குறைத்துப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது சிக்கென்று இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு பீச் ரோட்டில் போட்டோ எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்த வெயில், அந்தக் கடற்கரைப் புழுக்கம், மேலே ஒட்டியிருந்த இரட்டைப் பக்க டேப் பத்து நிமிஷத்தில் வியர்வையில் சுருண்டு உருண்டு வந்துவிட்டது. இறுக்கிய விளிம்பு அக்குள் பக்கம் சதையைப் பிதுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. ராத்திரி மேடையில் மூன்று மணி நேரம் பூச்செண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடியே நின்றாள். இன்றைக்கும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் எல்லாப் படத்திலும் கை அதே இடத்தில்தான் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டு காட்டுவாள், எனக்குத்தான் சிரிப்பு வராது.

அப்புறம்தான் ஒரு நல்ல விலையுள்ள பழைய கவுனை உள்ளே பிரித்துப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. தோளில் பிடிமானம் இல்லாத உடுப்பு மார்பில் தொங்கிக்கொண்டு நிற்பதில்லை, இடுப்பில் உட்கார்ந்து நிற்கிறது. யோசித்துப் பாருங்கள், ஆறு கஜம் புடவை எதில் நிற்கிறது? பிளவுஸிலா? பாவாடை நாடாவில். நாடா சரியாக இருந்தால் நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்யலாம், நாடா லூஸாக இருந்தால் எத்தனை ஊக்கு குத்தினாலும் புடவை அவிழும். கவுனும் அதே கதைதான். அதற்கு உள்ளே ஒரு நாடா இருக்க வேண்டும். மலிவான ரெடிமேட் கவுன்களில் பெரும்பாலும் அதுதான் இருக்காது. கவுனின் பாவாடைப் பகுதியின் கனம் முழுக்க மேல்துணியைப் பிடித்துக் கீழே இழுக்கும், மார்புப் பக்கம் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கனம் ஜெயித்துவிடும்.

அந்த உள்பட்டியைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் உங்கள் தையல்காரருக்கே தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இதை வெயிஸ்ட் ஸ்டே என்பார்கள். ஒரு இஞ்ச் அகலத்தில், குறுக்கே புடைத்த வரி ஓடும் கெட்டி ரிப்பன், குரோஸ்கிரெயின் என்று கேட்டால் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் இழுத்தால் நீளாத கெட்டிப் பருத்தி நாடாவே போதும். எலாஸ்டிக் மட்டும் கூடாது, அது கனத்துக்கு விட்டுக்கொடுத்துவிடும். முதலில் உங்கள் இடுப்பு எங்கே என்று பாருங்கள். சுடிதார் பேன்ட் கட்டும் இடம் இல்லை, அதற்கு மேலே. ஒரு கயிற்றை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நிமிருங்கள், கயிறு தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்காரும், அதுதான். அங்கே 28 இஞ்ச் என்றால், கொக்கி மாட்டிய பிறகு பட்டி 27 வர வேண்டும். முனைகளை மடிக்கவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறவும் சேர்த்து நான் 30 இஞ்சாக வெட்டுவேன்.

பட்டியைக் கவுனின் உட்பக்கம் அந்த இடுப்பு மட்டத்தில் வைத்து, பக்கத் தையலும் மற்ற செங்குத்துத் தையலும் வரும் இடங்களில் மட்டும், உள்ளே விட்டிருக்கும் துணியோடு கையால் நாலைந்து குத்து போட்டுப் பிடிக்க வேண்டும். மெஷினில் சுற்றி ஓட்டக் கூடாது, வெளித்துணியில் ஊசி ஏறவே கூடாது. ஜிப்புக்கு இரு பக்கமும் இரண்டு மூன்று இஞ்ச் தைக்காமல் தொங்கலாக விட வேண்டும், இல்லாவிட்டால் கொக்கியை மாட்டக் கை நுழையாது. பெரிய கொக்கி இரண்டு, பேன்ட்டுக்கு வைக்கிற தட்டைக் கொக்கி ரொம்ப நல்லது. போடும்போது முதலில் பட்டியின் கொக்கி, அப்புறம் ஜிப். பட்டி இழுவையை வாங்கிக்கொள்வதால் ஜிப் சுலபமாக ஏறும், நடு மேடையில் ஜிப் பிளந்துகொள்ளும் பயமும் குறையும்.

ஆனால் பட்டி வைப்பது கடைசிக்கு முந்தின வேலை. அதற்கு முன்னால் அளவைப் பிடிக்க வேண்டும். கவுனை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு, அன்றைக்குப் போடப்போகும் அதே செருப்போடு நிமிர்ந்து நில்லுங்கள், கையைத் தொங்கவிடுங்கள். பக்கத் தையலில் குண்டூசி குத்துவார்கள். சாட்டினில் ஊசி போன ஓட்டை மறையாது, அதனால் தையலுக்கு உள்ளே வரும் துணியில் மட்டும் குத்தச் சொல்லுங்கள், தைப்பதற்கும் மெல்லிய 11 நம்பர் ஊசி. ஒரு கணக்கு நிறைய பேர் தப்பாகப் போடுவார்கள்: பக்கத் தையலில் அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தால் முன்துணியில் அரை, பின்துணியில் அரை, ஆக ஒரு பக்கத்துக்கு ஒரு இஞ்ச், இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு இஞ்ச் போய்விடும். "அரை இஞ்ச்தானே பிடிச்சேன், ஏன் மூச்சு முட்டுது" என்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு இஞ்சுக்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் மட்டும் பிடிக்காமல் மார்பின் மேல் ஓடும் நீளத் தையல்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கப் இரண்டும் அக்குளுக்குப் போய்விடும். பாசிமணி வேலை இருந்தால் தையல் வரும் இடத்து மணிகளைக் கையால் பிரித்தெடுத்து, தைத்து முடித்துத் திரும்பக் கோக்க வேண்டும். அவசரக்காரர்கள் மணி மேலேயே மெஷினை ஓட்டுவார்கள், ஊசி உடைந்து துணியும் கிழியும்.

அடுத்தது போனிங், அதாவது மேல்பக்கம் மடங்காமல் நிற்க உள்ளே வைக்கும் குச்சி. பக்கத் தையல் இருக்கும் இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், ஏதாவது குச்சி தட்டுப்படுகிறதா? மேலிருந்து இடுப்பு வரைக்கும் ஓடுகிறதா, இல்லை நாலு இஞ்சில் நின்றுவிடுகிறதா? பாதியில் நின்றால் அதனால் பிரயோஜனம் இல்லை, மேல்பக்கம் அப்படியே மடங்கி வழியும். பந்தலுக்கு ஊன்றும் கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் எப்படி இருக்கும், அப்படித்தான். இரண்டு பக்கத் தையல், முன்னால் மார்பு மேல் போகும் இரண்டு தையல், பின்னால் ஜிப்பின் இரு பக்கம், ஆக ஆறு குச்சியாவது வேண்டும். லைனிங்கில் நாடா வைத்து உறை தைத்து உள்ளே நுழைக்கலாம். பிளாஸ்டிக் போனிங் சுருளாகத்தான் வரும், துணி மேலே போட்டு மிதமான சூட்டில் தேய்த்து நேராக்கிக்கொள்ள வேண்டும். உடல் சூட்டில் அது திரும்பக் கொஞ்சம் வளையும் என்பதால் கனமான பாவாடை உள்ள கவுனுக்கு ஸ்டீல் ஸ்பைரல், அதாவது கம்பியைச் சுருட்டித் தட்டையாகச் செய்த குச்சிதான் நல்லது. கடலூரில் நான் கேட்ட கடைகளில் அது கிடைக்கவில்லை, சென்னை சவுகார்பேட்டையிலிருந்து வரவழைப்பேன். ரொம்ப அவசரம் என்றால் எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் தடித்த, அகலமான கேபிள் டை வாங்கித் தலையை வெட்டிவிட்டு உபயோகித்திருக்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் நன்றாகவே நிற்கிறது. எதுவானாலும் முனையை உருட்டித் தேய்த்துவிட வேண்டும், உறையின் நீளத்தைவிடக் கால் இஞ்ச் குட்டையாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரிசப்ஷன் பாதியில் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்து அக்குளைப் பதம் பார்க்கும்.

மேல்விளிம்புக்கும் ஒரு வேலை உண்டு, இறுக்குவது இல்லை, அடக்குவது. நம் ஊர் ரிசப்ஷனில் பெண் சும்மா நிற்பதில்லையே. பெரியவர்கள் மேடைக்கு வந்தால் குனிந்து காலைத் தொட வேண்டும், ஐம்பது தடவையாவது. குனியும்போது மேல்விளிம்பு உடம்பை விட்டு விலகும், எதிரே வீடியோக்காரர் வேறு நிற்பார். இதற்கு, அரை இஞ்ச் பருத்தி நாடாவை விளிம்பின் மொத்த நீளத்தைவிட முக்கால் இஞ்ச் குறைவாக வெட்டி, விளிம்புக்கு உள்ளே இருக்கும் தையல் துணியோடு கையால் பிடிக்க வேண்டும். அந்த முக்கால் இஞ்ச் சுருக்கத்தை மார்பின் மேல்வளைவு வரும் இடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும், முதுகுப் பக்கம் கொடுக்கக் கூடாது. வெளியே சுருக்கமே தெரியாது, விளிம்பு மட்டும் உடம்போடு படிந்து நிற்கும். கப்பை லைனிங்கோடு தைத்துவிடுங்கள். தனியாக ஸ்ட்ராப்லெஸ் பிரா போட்டால் கவுன் ஒரு பக்கம், அது ஒரு பக்கம் என்று இரண்டையும் இழுத்துவிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சிலிக்கான் பட்டை பற்றியும் கேட்பீர்கள், விளிம்பின் உள்ளே வைக்கும் வழுக்காத ரப்பர் மாதிரி எலாஸ்டிக். உபரியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. பவுடர் போட்ட உடம்பில் அது பிடிக்காது, வியர்வையிலும் பிடிக்காது, பாண்டியில் இந்த இரண்டும் இல்லாத உடம்பு ஏது? கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, பிளாஷ் பட்டால் பளபளவென்று தோளில் கோடு கோடாகத் தெரியும். காலையில் கோயிலில் திருப்பலியும் இதே கவுனில்தான் என்றால் லேஸில் ஒரு குட்டி ஜாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள், தோளும் மறையும், ரிசப்ஷனில் கழற்றிவிடலாம்.

ஒருவேளை இடுப்பில் ஜிப்பே ஏறாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் கதை வேறு. ஜிப்பைப் பிரித்துவிட்டு இரண்டு பக்கமும் துணி வளையம் வைத்து, பின்னால் கயிறு கட்டும் மாதிரி மாற்றலாம், உள்ளே முதுகை மறைக்க அதே நிறத்தில் ஒரு துண்டு. மூன்று இஞ்ச் வரை கிடைக்கும். அப்போதும் உள்பட்டி வேண்டும்.

இதெல்லாம் எனக்கு இரண்டு முழு நாள் வேலை, நடுவில் இரண்டு தடவை போட்டுப் பார்க்கவும் வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் முடிகிற மாதிரி கொடுங்கள், ரொம்ப முன்னாலும் வேண்டாம், கல்யாண அலைச்சலில் இளைத்துவிடுவீர்கள். வாங்கும்போது அங்கேயே போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள், நாலு குதி குதியுங்கள், தையல்காரர் காலைத் தொட்டே கும்பிடுங்கள், தப்பில்லை. ஒரு தடவையாவது கை தானாக மேல்விளிம்புக்குப் போனால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. உள்பட்டிக் கொக்கி எங்கே இருக்கிறது என்று உங்கள் தங்கைக்கோ தோழிக்கோ முன்கூட்டியே காட்டிவையுங்கள். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு இவ்வளவும் செய்து கொடுத்தேன், அலங்காரம் செய்ய வந்தவர் ஜிப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார், நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன், கல்யாணப் பெண் கவுனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறாள். இலையை அப்படியே விட்டு எழுந்துபோய் மேடைக்குப் பின்னால் வைத்து நான்தான் கொக்கியை மாட்டிவிட்டு வந்தேன்.